பழைய வண்டிக்குப் புது ஏர் ஃபில்டர்: வாங்கும் முன் வெர்னியர் அளவுகோலைக் கையில் எடுங்கள்

பழைய பைக்கை எடுத்து ஓட்ட ஆரம்பிப்பவர்கள் எடுத்தவுடன், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரில்தான் கை வைப்பார்கள். வண்டி அடைக்கிறது, பெட்ரோல் குடிக்கிறது, பிளக் கரி பிடிக்கிறது என்று, பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள ஜெட்டைக் கழற்றிக் கழற்றி ஊதுவார்கள். அதற்கு ஒரு சாண் பின்னால் ஏர் ஃபில்டர் அழுக்கேறி அடைத்துக் கிடக்கும்.

ஃபில்டர் தூசியைத் தடுக்கிற சல்லடை மட்டும் இல்லை. பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். 350 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கிறது. 5000 ஆர்பிஎம்மில் சிலிண்டர் முழுதாக நிரம்பினால் நிமிடத்துக்கு 875 லிட்டர். அந்தக் காற்று ஃபில்டருக்குள் எவ்வளவு சிரமப்பட்டு நுழைகிறது என்பதையும் கணக்கில் வைத்துத்தான் கம்பெனி ஜெட் அளவை முடிவு செய்திருக்கும். ஆகவே ஃபில்டரை மாற்றினால் ட்யூனிங்கையும் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

1. பழையதைக் கழற்றிப் பாருங்கள்

ஃபோம் ஃபில்டராக இருந்தால் விரலால் அழுத்துங்கள். பல வருடம் போடாமல் வைத்த ஷூவின் அடி உதிருமே, அதே மாதிரி பொலபொலவென்று உதிர்ந்து பிசுபிசுவென்று கையில் ஒட்டும். இரண்டும் பாலியூரிதேன்தான், ஈரப்பதம் பட்டுப் பட்டே சிதைகிறது. அந்தத் துகள் ஜெட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு, ஃபில்டரிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண் ஒட்டினால் காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. சீல் போயிருக்கலாம், குழாய் வெடித்திருக்கலாம், பெட்டி விரிசல் விட்டிருக்கலாம். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும் வீண்.

2. வகையை முடிவு செய்யுங்கள்

ஃபில்டர் உட்காரும் பெட்டியான ஏர் பாக்ஸ் முழுதாக இருந்தால் என் பதில் ஒன்றுதான்: கம்பெனி போட்ட அதே வகை. வண்டியின் மாடல், வருடம், எஞ்சின் நம்பர் மூன்றையும் வைத்துப் பார்ட்ஸ் புத்தகத்தில் பார்ட் நம்பரைப் பிடியுங்கள். ஒரே மாடலிலேயே இடையில் ஃபில்டர் மாறியிருக்கும்.

பேப்பர் ஃபில்டர் நன்றாக வடிகட்டும். அதைக் கழுவவும் கூடாது, ஆயில் போடவும் கூடாது. வாங்கும்போது உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மடிப்புகளின் ஓரத்தில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் வேண்டாம்.

ஃபோம் நேர்மாறு. ஆயில் இல்லாத ஃபோம் பாதி வேலைதான் செய்யும், ஏனென்றால் தூசியைப் பிடித்து வைப்பது அந்த ஆயில்தான். ஃபோம் ஃபில்டருக்கென்றே ஆயில் விற்கிறது. பல பழைய மேனுவல்களில் கியர் ஆயில் போடச் சொல்லியிருக்கும். ஊற்றிப் பிசைந்து, மிச்சத்தை உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்தி எடுக்க வேண்டும். துணி பிழிவதுபோல் முறுக்கினால் கிழிந்துவிடும். மெத்தை ஃபோமை வெட்டி வைக்கும் யோசனை எல்லோருக்கும் ஒருமுறை வரும். அதைச் செய்யாதீர்கள். அதன் துளைகள் ஒன்றோடொன்று சரியாகத் திறந்திருப்பதில்லை, காற்று திணறும்.

காட்டன் ஃபில்டர் கழுவிக் கழுவிப் பல வருடம் வரும். பழைய வண்டிகளில் கம்பி வலை ஃபில்டரும் உண்டு; தொலைந்துபோகாமல் இருந்தால் கழுவி, ஆயில் போட்டு, அதையே மாட்டலாம்.

3. அளவு எடுங்கள்

பார்ட் நம்பர் கிடைக்கவில்லையா? வெளி விட்டம், உள் விட்டம், உயரம் மூன்றையும் வெர்னியரால் அளந்து மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். நசுங்கிய பழைய ஃபில்டரை நம்பாமல், அது உட்காரும் பெட்டியை அளப்பது நல்லது.

கார்பரேட்டர் வாயில் நேராக மாட்டும் கூம்பு ஃபில்டர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். '28 எம்எம் கார்பரேட்டர்' என்பது உள்ளே காற்று போகும் துளையின் அளவு. ஃபில்டரின் கிளாம்ப் பிடிப்பது வாயின் வெளிவிட்டத்தை, அது இதைவிடப் பெரியது. 28 என்று கேட்டு வாங்கினால் வாயில் ஏறவே ஏறாது.

அளவு சரியாக இருந்தும் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆக்சிலரேட்டரை விட்டால் ஐடிலில் நிற்காது, பிளக் கறுத்துப்போகும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கார்பரேட்டரைப் பிரித்துப் பிரித்து மாட்டினேன். கடுப்பில் ஃபில்டரைக் கழற்றி ஸ்டார்ட் செய்தால், கடிகாரம் மாதிரி நிற்கிறது! அப்போதுதான் குனிந்து வாயைப் பார்த்தேன். கீழ் விளிம்பில் குண்டூசித் தலை அளவில் இரண்டு துளைகள். ஐடிலில் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டுக்கும், வேகத்தில் தரும் மெயின் ஜெட்டுக்கும் காற்று போகிற வழி அவை. ஃபில்டரின் உள் ரப்பர் விளிம்பு இரண்டையும் மூடியிருந்தது. நீங்கள் வாங்கும் முன் அந்த விளிம்பின் தடிமனையும் பாருங்கள்.

4. ஏர் பாக்ஸைத் தூக்கிவிட்டுக் கூம்பு போடலாமா?

அழகுக்காக என்றால் வேண்டாம் என்பேன். பெட்டியே இல்லாத வண்டி என்றால், முதலில் எந்தக் கார்பரேட்டர் என்று பாருங்கள். ஆக்சிலரேட்டர் கேபிள் மேல் மூடி வழியாக நேராக உள்ளே இறங்கினால் அது ஸ்லைடு வகை, ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கேபிள் பக்கவாட்டில் பட்டாம்பூச்சி வால்வைத் திருப்பி, மேலே அகலமான வட்ட மூடி இருந்தால் அது சிவி வகை. மூடிக்கு அடியில் உள்ள பிஸ்டன் காற்றழுத்த வித்தியாசத்தில் ஏறி இறங்கும். ஏர் பாக்ஸ் தருகிற சீரான காற்று போய்விட்டால் நடுவில் முறுக்கும்போது தடுமாறும்.

எந்த வகையானாலும் காற்று கூடுவதால் கலவை லீன் ஆகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. பெரும்பாலும் மெயின் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டிவரும், சில சமயம் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியான நீடிலையும் உயர்த்த வேண்டும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக்கில் இன்னும் ஆபத்து. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாய் பழைய பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தால் அதன் முனைக்குத் தனியாக ஒரு சின்ன ஃபில்டர் வையுங்கள்.

5. மாட்டிய பிறகு

ஃபில்டர் உட்காரும் விளிம்பில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். புது பிளக் ஒன்றைப் போட்டுச் சில பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு ஆள் இல்லாத நேர்ச்சாலையில் ஒரே வேகத்தில் சற்றுத் தூரம் போய், கிளட்சைப் பிடித்துக்கொண்டே எஞ்சினை அணைத்து ஓரம் கட்டுங்கள். பிளக் சூடாக இருக்கும், துணி வைத்துக் கழற்றுங்கள். பிளக் முனையின் பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் சரி. கரி படிந்திருந்தால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம்: ஃபில்டர் அடைக்கிறது, அல்லது ஃபில்டரில் ஆயில் அதிகம். வெளுத்துப்போய் வெள்ளையாக இருந்தால் லீன், அதற்கு மேல் ஓட்டாதீர்கள். முதலில் ரப்பர் குழாயிலும் கிளாம்பிலும் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், ஜெட் பக்கம் அதற்குப் பிறகு போகலாம்.