புல்தரைக்குத் துளை போடுவது எப்படி?

தண்ணீர் விடுகிறீர்கள், உரமும் போடுகிறீர்கள், ஆனாலும் புல் வெளிறிக் கிடக்கிறதா? உரத்தைக் கூட்டும் முன் மண்ணைப் பாருங்கள். ஆள் நடந்து நடந்து மண் இறுகினால், துகள்களுக்கு நடுவே காற்று தங்கும் இடம் அடைபட்டுவிடும். வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். அது கிடைக்காத வேர் ஆழம் போகாமல் மேலாகவே நின்றுவிடும். அப்புறம் சில நாள் வெயிலைக்கூடப் புல் தாங்காது. துளை போட்டால் காற்று, நீர், சத்து மூன்றுமே வேர்வரை இறங்கும்.

முதலில் ஒரு சோதனை. ஈரமான இடத்தில் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரைக் கையால் அழுத்துங்கள். சுலபமாக இறங்கினால் இப்போதைக்கு விட்டுவிடலாம். மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் துளை போட்டே ஆகவேண்டும்.

புல் மும்முரமாக வளரும் பருவத்தில்தான் இதைச் செய்யவேண்டும், அப்போதுதான் காயம் சீக்கிரம் ஆறும். புதிதாகப் பதித்த புல்லை ஓராண்டு தொடாதீர்கள்.

இனி கருவி. பலர் ஆணி வைத்த செருப்போடு நடக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆணி மண்ணை வெளியே எடுப்பதில்லை, பக்கவாட்டில் நெருக்குகிறது. களிமண்ணில் துளையின் சுவர் முன்பைவிட இறுகிப்போகும். உள்ளே குழலாக இருக்கும் முனைகொண்ட கருவியை வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். அது மண்ணை விரல் பருமனில் உருவி வெளியே தள்ளும்.

முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் மண் ஈரமாக இருக்கவேண்டும், சேறாக இருக்கக்கூடாது. புல்லைக் கொஞ்சம் குட்டையாக வெட்டுங்கள். தண்ணீர்க் குழாய், தெளிப்பான் புதைந்த இடங்களில் அடையாளக் குச்சி நடுங்கள். இதை மட்டும் மறக்கவே வேண்டாம்.

சரி, இப்போது துளை. ஆழம் 5 முதல் 7 செ.மீ., இடைவெளி சுமார் 8 செ.மீ. நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை போங்கள். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் இன்னும் நெருக்கமாகப் போடலாம்.

வெளியே விழுந்த மண் உருளைகளைப் பெருக்கித் தள்ளாதீர்கள். காய்ந்து, உதிர்ந்து, தானே புல்லுக்குள் இறங்கிவிடும். மேலே சலித்த மக்கு உரத்தை மெல்லியதாகத் தூவித் தண்ணீர் விடுங்கள்.

களிமண்ணுக்கு ஆண்டுக்கு ஒருமுறை செய்யலாம். மணற்பாங்கான மண்ணுக்கு அவ்வளவு தேவைப்படாது. சில வாரம் கழித்து ஒரு துளையோரம் மெல்லக் கிளறிப் பாருங்கள், துளைக்குள் வெள்ளை வெள்ளையாகப் புது வேர் இறங்கியிருக்கும்.