கரையிலேயே கெட்டுப்போகும் மரபணு ஆய்வு

ஒட்டுண்ணிக்கும் அது தங்கி வாழும் உயிரான ஓம்புயிரிக்கும் இடையே மரபணு அளவில் நடக்கும் போட்டியைப் படிக்க ராமநாதபுரம் கரை அருமையான இடம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் நிலம்தான். ஆனால் இங்கே மாதிரி எடுக்க வரும் மாணவர்களின் வேலை ஆய்வகத்துக் கருவியில் கெடுவது அபூர்வம். பெரும்பாலும் கரையிலேயே கெட்டுவிடுகிறது, அது தெரியவருவது பல மாதம் கழித்துத்தான்.

முதலில், பாதுகாக்கும் முறை. பழைய பழக்கத்தில் ஃபார்மலினில் போட்டால் உருவம் அழகாக நிற்கும், டி.என்.ஏ. சிதைந்துபோகும். டி.என்.ஏ. வேண்டுமென்றால் 95 சதவீத எத்தனால் வேண்டும். எந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்க்க ஆர்.என்.ஏ. வேண்டும், அது இன்னும் சீக்கிரம் கெடும். ஐஸ் பெட்டியில் பல மணி நேரம் கிடந்த மீனிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ. சொல்வது பெரும்பாலும் அந்த மீன் செத்த கதையைத்தான், ஒட்டுண்ணியின் கதையை அல்ல. அதனால் நண்டு வலையில் உயிரோடு வரும் நண்டே மேல். அங்கேயே அறுத்து, திசுவை உடனே திரவ நைட்ரஜனிலோ ஆர்.என்.ஏ.வைக் காக்கும் கரைசலிலோ போட்டுவிடலாம். வலையில் சிக்கிக் கிடந்த நண்டும் தவித்துத்தான் இருக்கும். ஆகவே ஒட்டுண்ணி உள்ளதையும் இல்லாததையும் ஒரே வலையிலிருந்து எடுத்து, மாற்றி மாற்றி அறுக்க வேண்டும். முதலில் நோயுள்ளது எல்லாம், அப்புறம் நல்லது எல்லாம் என்று அறுத்தால் அந்த நேர வித்தியாசமே முடிவில் வந்து நிற்கும்.

நண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சாக்குலினா என்பது நண்டுக்குள் வாழும், கொட்டலசு (பார்னக்கிள்) இனத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணி. நண்டைக் கவிழ்த்து வயிற்று மடலைத் தூக்கினால், முட்டை இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான ஒற்றைப் பை தெரியும். சினை நண்டின் முட்டைக் கொத்து மணி மணியாக இருக்கும், இது அப்படி இருக்காது. ஆண் நண்டிலும் இந்தப் பை வரும். அப்போது ஆணின் குறுகிய மடல் பெண்ணுடையதைப் போல அகன்றுவிடும். ஒட்டுண்ணி நண்டை மலடாக்கிவிடும். பை வெளியே வந்தபின் நண்டு பொதுவாகச் சட்டை உரிப்பதும் (பழைய ஓட்டைக் கழற்றுவதும்) இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். பை உள்ள நண்டு பத்து, இல்லாத நண்டு பத்து என்று எடுத்து ஒப்பிட்டால் கிடைப்பது ஒட்டுண்ணியின் விளைவா, ஆண் பெண் வித்தியாசமா, சட்டை உரிக்கும் பருவத்தின் வித்தியாசமா? மூன்றும் கலந்துதான் வரும். அளவு, பால், சட்டைப் பருவம் மூன்றையும் பொருத்தி எடுத்தால்தான் பிரிக்க முடியும். அதைவிட மோசமான குழி ஒன்று உண்டு. பை வெளியே தெரிவதற்கு வெகு முன்பே சாக்குலினாவின் வேர்கள் நண்டின் உடலுக்குள் பரவியிருக்கும். கண்ணுக்கு 'நல்ல' நண்டாகத் தெரிவதில் சில ஏற்கெனவே தாக்கப்பட்டவை. ஒப்பீட்டுக்கு எடுத்த ஒவ்வொரு நண்டையும் பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கி ஒட்டுண்ணியைத் தேடும் சோதனை) செய்து பார்க்காமல் அதை நல்ல நண்டு என்று எழுதவே கூடாது.

அதே வேர்களால் இன்னொரு சிக்கல்: நண்டின் திசு என்று நாம் எடுப்பதில் ஒட்டுண்ணியும் இருக்கும். இனத்தை அடையாளம் காட்டும் பார்கோடு மரபணுவைப் பெருக்க, எல்லா உயிருக்கும் பொதுவான பிரைமர்களை (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளை) போட்டால் ஒட்டுண்ணிக்குப் பதிலாக ஓம்புயிரியின் வரிசையே வந்துவிடலாம். இரண்டின் மரபணுத் தொகுதியையும் கையில் வைத்துக்கொண்டு எது எதனுடையது என்று பிரிக்க வேண்டும். பிரிக்காமல், 'ஒட்டுண்ணியின் மரபணு நண்டுக்குத் தாவிவிட்டது' என்று அறிவிக்கும் ஆசை வந்தால், நீர்க்கரடி என்ற நுண்ணிய விலங்குக்கு நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மரபணுக்களில் ஆறில் ஒரு பங்கு வேற்றுயிர்களிடமிருந்து வந்தது என்று 2015இல் ஒரு கட்டுரை வந்தது. அதில் பெரும்பகுதி மாதிரியில் கலந்துவிட்ட பிற உயிர்களின் டி.என்.ஏ. என்பதை வேறு ஆய்வாளர்கள் சீக்கிரமே காட்டிவிட்டார்கள்.

இனத்தைத் தவறாக அடையாளம் காண்பதும் சிறிய பிழையல்ல. இதற்கு ராமேஸ்வரமே சாட்சி. மலேரியா ஒட்டுண்ணியைச் சுமக்கும் அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசு பார்வைக்கு ஒன்று, உண்மையில் பல இனங்களின் கூட்டம். அதில் 'பி' இனம் நோயைப் பரப்புவதில் மந்தமானது. ராமேஸ்வரம் தீவிலும் 'பி'தான் என்றால் அங்கே மலேரியா எப்படிப் பரவும்? 1999இல் விடை வெளியானது: பெரிய குரோமோசோம்களில் 'பி' போலவே இருந்து, ஒய் குரோமோசோமில் வேறுபடும் 'ஈ' இனமும் அங்கே இருந்தது. நோயைப் பரப்பியது அதுதான். நண்டிலும் இதே நிலைதான். போர்ட்யூனஸ் பெலாஜிகஸ் என்று எல்லோரும் எழுதிவந்த நீலக்கால் நண்டை 2010இல் நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். பழைய பெயரை அப்படியே எழுதிவைத்தால், இரண்டு இனங்களுக்கு இடையேயான வித்தியாசத்தை ஒட்டுண்ணிக்கு எதிரான எதிர்ப்புச் சக்தி என்று நினைத்துவிடுவோம்.

இறங்குதளத்தின் பெயரைப் பிடித்த இடமாக எழுதுவதும் கூடாது. வியாபாரி கூடையில் இரு கடல் மீனும் கலந்துவிடும். "அண்ணே, இது வடகடலா தென்கடலா?" என்று வலையை இழுத்தவரிடமே கேளுங்கள், சரியாகச் சொல்வார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கிடையாது. அந்த மாதங்களின் மாதிரி நாட்டுப்படகிலிருந்து வரும், வலையும் ஆழமும் மாறும். அதைப் பருவ மாற்றம் என்று எழுதிவிடக் கூடாது.

புள்ளியியலில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 20,000 மரபணுக்களை 0.05 அளவில் (தற்செயலாகவே நூற்றுக்கு ஐந்து தவறாக வரலாம் என்ற வரம்பில்) சோதித்தால், ஒட்டுண்ணிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாமலே ஏறக்குறைய 1,000 மரபணுக்கள் 'மாறியதாக' வரும். பல சோதனைகளால் வரும் இந்தப் பிழையைத் திருத்தியபின் மிஞ்சும் மாற்றத்தையும் உடனே 'ஒட்டுண்ணி ஆட்டிவைக்கிறது' என்று படிக்க வேண்டாம். அது நண்டின் தற்காப்பாக இருக்கலாம், வெறும் பசியாகவும் இருக்கலாம். தொற்றின் வெவ்வேறு கட்டங்களில் எடுத்துப் பார்த்தால்தான் எது முந்தி, எது பிந்தி என்று தெரியும். நண்டுக்கு நம்மைப் போல ஆன்டிபாடி கிடையாது என்பதால் மனித நோயெதிர்ப்பின் சொற்களை அதன்மேல் ஏற்றவும் முடியாது.

அப்புறம், ஒவ்வொரு மாதிரியின் உடலையும் தூக்கி எறியாமல் வையுங்கள். நாளைக்கு இனப்பெயர் மாறினால் திரும்பப் பார்க்க அது ஒன்றுதான் வழி. குப்பிக்குள் போடும் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மையை எத்தனால் கரைத்துவிடும்.