மானிட்டர்ல 99 காட்டுதா, சரி, பேஷண்ட பாத்தீங்களா? நர்சிங் பிள்ளைங்க பண்ற சில தப்புகள்

ஊட்டி குன்னூர் பக்கம் ஜனவரில ஏதாவது ஒரு வார்டுக்குள்ள போனீங்கன்னா இத பாக்கலாம். பாட்டி ரெண்டு ஸ்வெட்டர் போட்டு மேல சால்வையும் சுத்தி உக்காந்திருக்கும், போஸ்டிங் வந்த பொண்ணு அது மேலயே கஃப்ப சுத்தி பிபி பாத்து எழுதிட்டு அடுத்த பெட்டுக்கு போயிடும். கேட்டா "குளிர்ல கழட்ட சொல்ல மனசு வரல சிஸ்டர்"னு சொல்லும். மனசெல்லாம் சரிதாம்மா, ஆனா கனமான துணி மேல எடுத்தா பெரும்பாலும் கூடுதலா தான் காட்டும், அத நம்பி டாக்டர் மாத்திரைய ஏத்திட்டாருன்னா நாளைக்கு பாட்டி பாத்ரூம் போறப்ப தலை சுத்தி விழுந்தா அதுக்கு யார் பொறுப்பு.

இந்த மாதிரி இடத்துல ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கறதுக்கு தான் கிரிட்டிக்கல் திங்கிங்னு பேரு, ஆனா அது பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற அஞ்சு மார்க் கேள்வின்னு தான் நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. 2006ல கிறிஸ்டின் டானர்னு ஒரு அமெரிக்க நர்சிங் பேராசிரியர் நர்ஸுங்க எப்படி முடிவெடுக்கறாங்கன்னு நாலா பிரிச்சு எழுதினாங்க: கவனிக்கறது, அதுக்கு என்ன அர்த்தம்னு யோசிக்கறது, செய்யறது, செஞ்சத திரும்பி பாக்கறது. நம்ம பிள்ளைங்க மூணாவதுல கில்லாடி, ஐவி போட சொன்னா சூப்பரா போடுவாங்க. சறுக்கறது முதல் ரெண்டுல தான்.

விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவ (சாச்சுரேஷன்) பாக்கற பல்ஸ் ஆக்ஸிமீட்டரயே எடுத்துக்கோங்க. காலைலேர்ந்து பனில நனைஞ்சு கொழுந்து பறிச்சுட்டு வந்த அக்காவோட விரல் ஐஸ் மாதிரி இருக்கும், மருதாணி வேற இருக்கும், ப்ரோப்ப மாட்டினா 82 காட்டும். உடனே ஆக்ஸிஜனுக்கு ஓட்டம். அந்த அக்கா பாட்டுக்கு பக்கத்து பெட்காரங்க கூட மூச்சு வாங்காம கதை பேசிட்டு இருக்கு! ஓடுறதுக்கு முன்னாடி ஆள பாருங்க, உதடு என்ன கலர், எத்தன வார்த்த சேந்தாப்புல பேச முடியுது, மெஷின் காட்டுற பல்ஸும் நீங்க மணிக்கட்டுல எண்ற பல்ஸும் ஒத்துப்போகுதா. கைய தேச்சு சூடு பண்ணி வேற விரல்ல போட்டு பாருங்க. ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு, கீழேர்ந்து புதுசா வந்தவங்களுக்கு கொஞ்சம் கம்மியாவே காட்டும், அதையும் ஞாபகத்துல வச்சுக்கோங்க. ஆனா "எல்லாருக்கும் கை சில்லுனு தான் இருக்கும்"னு சொல்லி நிஜமான 82ஐ விட்டுடாதீங்க, சரிபாத்த பிறகும் கம்மின்னா அது கம்மி தான்.

இதுக்கு நேர் எதிர் தப்ப நானே பண்ணிருக்கேன். அப்ப வேலைக்கு சேந்து ஒரு வருஷம் கூட ஆகல. சுத்தி பாக்க வந்த ஒரு குடும்பம், அப்பா அம்மா பையன், மூணு பேரும் விடிகாலைல தலைவலி வாந்தி மயக்கம்னு வந்தாங்க. ராத்திரி வெளில பிரியாணி சாப்பிட்டோம்னு அந்த அப்பா சொன்னாரு. பிரியாணின்னு காதுல விழுந்ததும் என் மூளை கடைய சாத்திருச்சு, ஃபுட் பாய்சனிங். சாச்சுரேஷன் மூணு பேருக்கும் 98, 99. வயித்தால போகல, வயித்து வலியும் இல்ல, மூணு பேருக்கும் தலை தான் வெடிக்குது, இதெல்லாம் எனக்கு தெரிஞ்சுது, தெரிஞ்சும் பிரியாணிய விட்டு வெளில வரல. பக்கத்துல இருந்த சீனியர் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, "ராத்திரி ரூம்ல குளிருக்கு என்ன பண்ணீங்க?" கரி அடுப்ப உள்ள வச்சு ஜன்னல சாத்திட்டு தூங்கிருக்காங்க.

கார்பன் மோனாக்சைடு. அது ஹீமோகுளோபின்ல ஆக்ஸிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா போய் ஒட்டிக்கும், சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு அதுக்கும் ஆக்ஸிஜனுக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால உடம்பு ஆக்ஸிஜன் இல்லாம தவிக்கறப்பவும் 99 தான் காட்டும். சும்மா காத்த சுவாசிச்சா அது பாதியா குறையவே நாலஞ்சு மணி நேரம் ஆகும், ரிசர்வாயர் மாஸ்க்ல முழு ஆக்ஸிஜன் குடுத்தா ஒண்ணு ஒண்ணரை மணி நேரம். அப்படின்னா நான் 99ஐ பாத்து திருப்தியா நின்ன ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு தான். பிழைச்சுட்டாங்க, நல்லவேளை. பிரியாணி மேல ஒரு குத்தமும் இல்ல பாவம். முதல்ல கெடைச்ச காரணத்த பிடிச்சு தொங்கறதுக்கு ஆங்கரிங்னு பேரு, ஒத்து வராத விஷயம் கண்ணுக்கு தெரிஞ்சும் கேஸ மூடிடறதுக்கு ப்ரீமெச்சூர் க்ளோஷர்னு பேரு, வைவால கேட்டா சொல்லுங்க. வார்டுல பேர் முக்கியமில்ல, "இதுல எது ஒத்து வரல"ன்னு ஒரு தடவ உங்களயே கேட்டுக்கோங்க, அது போதும்.

அடுத்தது மூச்சு. எந்த வார்டு சார்ட்ட வேணா புரட்டுங்க, எல்லாருக்கும் ரெஸ்பிரேஷன் நிமிஷத்துக்கு 20. ஆஸ்துமாக்காரருக்கும் 20, ஹெர்னியா ஆபரேஷன் ஆனவருக்கும் 20, என்ன ஒத்துமையோ! யாரும் எண்ணல, அதான் விஷயம். உடம்பு கெட ஆரம்பிக்கறப்ப முதல்ல மாறறதுல மூச்சு ஒண்ணு, பல நேரம் பிபி விழறதுக்கு ரொம்ப முன்னாடியே ஏறிடும். பிரிட்டன்ல 2012ல கொண்டுவந்து 2017ல திருத்தின நியூஸ் (NEWS) ஸ்கோர்ல, அதாவது பேஷண்ட் மோசமாகறத முன்கூட்டியே காட்டற மார்க் முறைல, மூச்சு 25 தொட்டாலே அதுக்கு மட்டும் 3 பாயிண்ட், அந்த ஒண்ணே அவசரமா வந்து பாக்க சொல்றதுக்கு போதும். பல்ஸ் பாக்கற மாதிரி கைய பிடிச்சுக்கிட்டே முழுசா ஒரு நிமிஷம் நெஞ்ச பாத்து எண்ணுங்க, எண்றோம்னு சொன்னா அவங்க மூச்ச மாத்திடுவாங்க.

"நெஞ்சு கரிக்குது சிஸ்டர், வாய்வு தான்"னு ஒரு சுகர் பேஷண்ட் சொன்னா ஜெலுசில் தேடாதீங்க, ஈசிஜி மெஷின தேடுங்க. சுகர் இருக்கவங்களுக்கு, அதுலயும் பெண்களுக்கு, ஹார்ட் அட்டாக் வலியே இல்லாம வேர்வை, அசதி, வாய்வுன்னு வரலாம். வந்த 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுக்கணும்ங்கறது சும்மா போட்ட ரூல் இல்ல. அதே மாதிரி அட்டெனோலால்ங்கற பிபி மாத்திரை சாப்பிடற தாத்தாவுக்கு பல்ஸ் ஏறலன்னு நிம்மதி ஆயிடாதீங்க, அந்த மாத்திரை ஏற விடாது.

கூடலூர் பந்தலூர் பக்கம் போஸ்டிங் போனா ஒண்ணு கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். சிக்கிள் செல்னா ரத்த சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு கடுமையான வலி வர வைக்கற பரம்பரை நோய். இந்தியாவுல அத முதல் முதல்ல கண்டுபிடிச்சதே நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட தான், 1952ல, லேமன், கட்புஷ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள். அப்பேர்ப்பட்ட மலைல இருந்துக்கிட்டு, வலில துடிக்கற ஒரு பணியர் பழங்குடி பையன பாத்து "அடிக்கடி வருவான், ஊசிக்கு பழகிட்டான்"னு ஹேண்டோவர்ல சொல்றத நான் கேட்டிருக்கேன். அந்த ஒரு வரிய கேட்டுட்டு அடுத்த ஷிஃப்ட்ல யாரும் அவன் நெஞ்சுல ஸ்டெத் வச்சு கேக்க மாட்டாங்க. குளிரும் தண்ணி குடிக்காததும் அந்த வலிய கிளப்பும், இங்க ரெண்டுக்கும் பஞ்சமில்ல. வலியோட காய்ச்சல், நெஞ்சு வலி, சாச்சுரேஷன் இறங்கறதுன்னு சேந்து வந்தா அது சிக்கிள் செல் நுரையீரல தாக்கற அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோமா இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. இந்த பேஷண்டுங்க பல பேர் சத்தம் போட மாட்டாங்க, "கொஞ்சம் வலி"ன்னு தான் சொல்வாங்க, அதுவும் நம்மள ஏமாத்தும்.

எஸ்டேட் ஆளுங்களுக்கு காரணம் தெரியாத காய்ச்சல்னா துணிய விலக்கி அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு கீழ பாருங்க. சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கருப்பு பொருக்கு, வலிக்காது, அவங்களுக்கே தெரியாது. ஸ்க்ரப் டைஃபஸ், ஒரு சின்ன உண்ணிப்பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல். ஸ்வெட்டர கழட்டாம பாத்தா எப்படி தெரியும்?

கடைசியா டாக்டருக்கு போன். "சார், 6வது பெட் நல்லா இல்ல சார்"னு சொன்னா தூக்கத்துல இருக்கவரு "ம்ம் பாத்துக்கோங்க"ன்னு வச்சிடுவாரு, அவர மட்டும் குத்தம் சொல்ல முடியாது. இப்படி சொல்லி பாருங்க: "சார், 6வது பெட், நிமோனியா, நேத்து அட்மிஷன். 10 மணிக்கு மூச்சு 22, இப்ப 30, பிபி 90/60, குழப்பமா பேசறாரு. செப்சிஸோன்னு பயமா இருக்கு, நீங்க இப்ப வந்து பாக்கணும்." இதுக்கு எஸ்பார் (SBAR)னு பேரு, அதாவது என்ன நடக்குது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கறேன், நீங்க என்ன செய்யணும்னு வரிசையா சொல்றது, அமெரிக்க கடற்படை நீர்மூழ்கி கப்பல்லேர்ந்து வந்த பழக்கம். ஸ்டூடண்டுக்கு தனியா போன் பண்ண தைரியம் வராது, தெரியும், அப்ப ஸ்டாஃப்கிட்ட இதே மாதிரி சொல்லுங்க, அவங்க பிசியா இருந்தா திரும்ப போய் சொல்லுங்க, மூஞ்ச தூக்குனா தூக்கட்டும். ஏன்னா இங்கேர்ந்து கோயம்புத்தூருக்கு அனுப்பணும்னா வீல் சேர் தள்ற தூரம் இல்ல. 10 மணிக்கே சொல்லிருந்தா ஆள் இந்நேரம் கீழ ஐசியூல இருப்பாரு. 2 மணிக்கு தான் சொல்றீங்கன்னா 108 பர்லியார் வளைவுல பனிமூட்டத்துக்குள்ள ஊந்துக்கிட்டு இருக்கும், யானை வேற ரோட்டுல நின்னா அது நகர்ற வரைக்கும் நிக்க வேண்டியது தான்.