ஊருக்குக் கிளம்புமுன் ஈரப்பதத்தையும் பாருங்கள்

குளிர்நாட்டிலிருந்து ஊருக்குக் கிளம்புமுன் எல்லோரும் போனில் அங்குள்ள வெப்பநிலையைப் பார்க்கிறோம். 32 டிகிரி என்றால், இங்கே கோடையில் பார்க்காததா என்று மனம் சமாதானமாகிவிடும். அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 40 சதவீத ஈரப்பதத்தில் 32 டிகிரி ஏறக்குறைய 33 ஆகத்தான் தெரியும். 70 சதவீதமானால் 41 போல வாட்டும்.

வேர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது, வேர்வை காய வேண்டும். ஒரு லிட்டர் வேர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வேர்வை காயாமல் சொட்டி வீணாகும். மின்விசிறிக்கு நேரே உட்காருங்கள். தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அது விலக்கும். ஈரத்தை அறியத் தோலில் தனி உணர்வி கிடையாது. குளிர்ச்சியையும் தொடுகையையும் வைத்து மூளை ஊகிக்கிறது. வெதுவெதுப்பான வேர்வையில் நனைந்திருப்பது சட்டை ஒட்டும்வரை உறைக்காது. தாகத்துக்காகக் காத்திராமல் தண்ணீர் குடியுங்கள்.

பலரும் மறப்பது தோலை. குளிர்நாட்டில் வறண்ட தோலுக்குப் பூசிய கெட்டியான களிம்பை அப்படியே தொடர்ந்தால் வேர்வைத் துளைகள் அடைபடும். வேர்க்குரு கிளம்பும், அந்த இடம் சரியாக வேர்க்காது. லேசான லோஷனுக்கு மாறுங்கள். எக்ஸிமா என்ற அரிப்புத் தோல்நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். அவர்களுக்கு வேர்வையின் உப்பே அரிப்பைக் கிளப்பும். வேர்த்தவுடன் வெறும் தண்ணீரில் கழுவினால் எரிச்சல் அடங்கும். பெரிய தீக்காயத் தழும்பு இருந்தால் அங்கே வேர்க்காது, மற்றவர்களைவிடச் சீக்கிரம் சூடேறும். முதல் நாளே வெயிலில் தோல் கன்றிப்போனால், மிதமான வெந்நீர்கூடச் சுடுவதுபோல இருக்கும்.

மென்தால் கலந்த பவுடர் ஜில்லென்றிருக்கும். அது குளிரை உணரும் நரம்பைத் தூண்டுவது மட்டும்தான், உடம்புச் சூடு குறையாது. அதை நம்பிக் குழந்தைகளை வெயிலில் விளையாட விடாதீர்கள்.

உடம்பு வெப்பத்துக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் வேர்வை சீக்கிரம் வரத் தொடங்கும், அதில் உப்பும் குறையும். மூன்று வார விடுமுறை என்றால் அலைச்சலையெல்லாம் முதல் வாரத்தில் அடுக்காதீர்கள். வயதானவர்களுக்கு வேர்ப்பதே குறைவு, அவர்களை நாமாகத்தான் கவனிக்க வேண்டும். யாருக்காவது உடம்பு கொதித்து, பேச்சு குழறினால், வேர்த்தாலும் வேர்க்காவிட்டாலும் நிழலில் படுக்கவைத்து, தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும்.