ஃபர்னஸைச் சரிசெய்வதா, மாற்றுவதா? ஒன்டாரியோவில் முதல் வீடு வாங்கியவர்களுக்கு

போன ஜனவரியில் ஒரு ராத்திரி, வெளியே மைனஸ் 18. வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் நின்றுவிட்டது. வந்த மெக்கானிக் ஃபர்னஸ் மேல் டார்ச் அடித்து, "14 வருஷம் ஆச்சு, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வந்த இன்னொருவர் நேராக வீட்டுக்குப் பின்புறம் போனார். சுவரில் நீட்டிக்கொண்டிருந்த, ஃபர்னஸுக்குக் காற்று போய்வரும் வெள்ளை பிவிசி குழாயைப் பனி மூடியிருந்தது. கையால் தள்ளினார், ஃபர்னஸ் ஓட ஆரம்பித்தது. அதனால் வயதைக் கேட்பதற்கு முன் கோளாறைக் கேளுங்கள்.

(கேஸ் வாசனை வந்தாலோ, கார்பன் மோனாக்சைடு (வாசனையில்லாத நச்சு வாயு) அலாரம் அடித்தாலோ இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்து அவசர உதவிக்குப் போன் செய்யுங்கள்.)

1. என்ன கோளாறு?
தெர்மோஸ்டாட் பேட்டரி, ஃபில்டர், வெளிக் குழாய் மூன்றையும் முதலில் பாருங்கள். பிறகு ஃபர்னஸ் கதவில் உள்ள சின்னக் கண்ணாடி வழியே குட்டி விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். அதன் அர்த்தம் பெரும்பாலும் கதவின் உட்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். தீ பிடித்துச் சில விநாடிகளில் அணைந்து, திரும்பத் திரும்ப முயன்று நின்றுவிடுகிறதா? பல சமயம், தீ எரிகிறதா என்று கவனிக்கும் ஃப்ளேம் சென்சாரில் படிந்த அழுக்குதான். பென்சில் கரியைப் போல மெல்லிய கம்பி அது. மெக்கானிக் ஸ்டீல் உல்லால் தேய்த்தால் போதும். இதற்காக யாரும் ஃபர்னஸை மாற்றுவதில்லை.

2. வயது
சீரியல் நம்பரில் ஒளிந்திருக்கும். குட்மேன் என்றால் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு மாதம். கேரியரில் முதலில் வாரம், பிறகு வருடம். பொதுவாக 15 முதல் 20 வருடம் உழைக்கும்.

3. ஹீட் எக்ஸ்சேஞ்சர்
இங்கே பேரமே கிடையாது. எரிந்த வாயுவையும் வீட்டுக் காற்றையும் பிரிக்கும் உலோகச் சுவர் இது. விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரலாம். ஆடாமல் எரியும் தீ, ப்ளோயர் (சூடான காற்றை வீட்டுக்குள் தள்ளும் விசிறி) ஓடத் தொடங்கியதும் அலைபாய்ந்தால் சந்தேகப்படுங்கள். "விரிசல்" என்று சொல்பவரிடம் கேமரா படம் கேளுங்கள். உண்மை என்றால் அந்த ஃபர்னஸை ஓட்டக் கூடாது. அந்தப் பாகத்துக்கு மட்டும் 20 வருட வாரன்டி இருக்கலாம், ஆனால் கூலி பெரும்பாலும் உங்கள் தலையில். 17 வருட ஃபர்னஸுக்கு அந்தக் கூலியை நான் கொடுக்க மாட்டேன்.

4. கணக்கு
தொழிலில் ஒரு வாய்ப்பாடு உண்டு: வயதையும் ரிப்பேர் செலவையும் பெருக்குங்கள், 5,000 டாலரைத் தாண்டினால் மாற்றுங்கள். 9 வருடம், 400 டாலர் என்றால் 3,600: சரிசெய்யலாம். 17 வருடம், 900 டாலர் என்றால் 15,300: மாற்றலாம். இது குத்துமதிப்புதான்.

"கேஸ் பில்லிலேயே காசு திரும்பிவிடும்" என்பார்கள். சதவீதம் என்பது எரியும் கேஸில் எவ்வளவு வீட்டுக்கு வெப்பமாக வருகிறது என்பது. பழைய 80 சதவீத ஃபர்னஸில் வருடம் 1,000 டாலர் கேஸ் எரிந்தால், 95 சதவீதத்தில் சுமார் 842. மிச்சம் 158. ஏற்கெனவே 92 இருந்து 96க்குப் போனால் மிச்சம் 42 டாலர்தான்.

5. மாற்றுவதென்றால்
மூன்று பேரிடம் விலை கேளுங்கள். பழைய பிடியூ (ஃபர்னஸின் வெப்பத் திறன்) அளவையே திரும்பப் போடாமல், வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிடுபவரைத் தேர்ந்தெடுங்கள். அவருக்கு டிஎஸ்எஸ்ஏ (ஒன்டாரியோவில் கேஸ் வேலைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்பு) பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அழைக்காமலே கதவைத் தட்டி ஃபர்னஸ் விற்பது ஒன்டாரியோவில் 2018 மார்ச் 1 முதல் தடை. கிளிப்போர்டோடு வந்து நிற்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். ஃபர்னஸை மாத வாடகைக்கு எடுக்கும் திட்டம் எனக்குப் பிடிக்காது, வீட்டை விற்கும்போது இழுபறியாகும்.

இதையெல்லாம் செப்டம்பரிலேயே விசாரியுங்கள். ஜனவரி ராத்திரியில் கிடைப்பது ஒரே ஒரு விலைதான்.