கட்டலொக்கில இல்லாத பிட்டை சீஎன்சிக்கு எப்பிடிக் கீறிக் குடுக்கிறது

இப்ப யாழ்ப்பாணத்தில கொக்குவில், திருநெல்வேலிப் பக்கமெல்லாம் மரவேலைப் பட்டறையளில சீஎன்சி ரவுட்டர், அதாவது கம்பியூட்டர் சொல்லுறபடி சுத்துற பிட்டால மரம் வெட்டுற மெசின், வந்திட்டுது. நேர் பிட், வீ பிட், போல் நோஸ் எண்டால் சொஃப்ட்வெயரிலயே இருக்கு, விட்டத்தை அடிச்சா சரி. ஆனா சாமியறைக் கதவுக்கோ வாகனப் பீடத்துக்கோ பத்மம் (தாமரை இதழ் வளைவு), குமுதம் (உருண்ட வளைவு) மாதிரி கேட்டா கடையில விக்கிற ரோமன் ஓஜி பிட் ஒண்டும் சரிவராது, லேத் பட்டறையில குடுத்துத் தீட்டி எடுக்கிற பிட்தான் வேணும். அந்தப் பிட்டின்ர உருவம் சொஃப்ட்வெயருக்குத் தெரியாது. அதால கனபேர் விட்டம் கிட்டமுட்ட வாற ஒரு எண்ட் மில்லைத் தெரிவு செய்துபோட்டு ஓட விடுகினம், பிறகு ஸ்கிரீனில ஒண்டு, தேக்கில இன்னொண்டு. தேக்கு விக்கிற விலைக்கு இது செய்யிற வேலையில்லை, பிட்டை ஒருக்கா ஒழுங்காக் கீறி வைச்சா வருசக்கணக்கா உதவும்.

முதல் விளங்க வேண்டியது என்னெண்டால் கீற வேண்டியது பிட்டின்ர அலகை இல்லை, அது சுத்தேக்க வாற உருவத்தை. பம்பரத்தில வைச்ச புள்ளி சுத்தேக்க வட்டமாத் தெரியிற மாதிரித்தான். அலகின்ர விளிம்பு சரியா மையக்கோட்டில நிக்கிறது குறைவு, கொஞ்சம் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளி நிக்கும். 2 மிமீ தள்ளி நிக்குதெண்டு வையுங்கோ, முன்னால இருந்து பார்க்கேக்க மையத்தில இருந்து 3 மிமீயில தெரியிற புள்ளி உண்மையில 3.6 மிமீ ஆரையில வெட்டும், 15 மிமீயில தெரியிறது 15.13இல வெட்டும். வெளிப்பக்கம் பெரிசாத் தெரியாது, மையத்துக்குக் கிட்ட வர வரத்தான் வளைவு பிழைக்கும். அதாலதான் பிட்டை ஃபோனில படம் எடுத்துக் கீறுறதும் கலிப்பரால அலகை அளந்து கீறுறதும் கடைசியில பொருந்தாமல் போறது.

நான் சொல்லுற வழி இது. பிட்டை அளக்காதேங்கோ, அது வெட்டின வெட்டை அளவுங்கோ. கழிவு எம்டிஎஃப் (மரநாரை அமத்திச் செய்த பலகை) துண்டு ஒண்டு எடுங்கோ, உயரம் காணாதெண்டால் ரெண்டை ஒட்டுங்கோ. பலகையின்ர ஒரு அந்தத்தால பிட்டை உள்ளுக்கு விட்டு நேரா மற்ற அந்தத்தால வெளிய எடுங்கோ, முழு ஆழத்துக்கு, மெதுவா. இப்ப ஒரு வாய்க்கால் வந்திருக்கும். அதுக்குச் சரி குறுக்கா, 90 பாகையில, மெல்லிய பல்லு வாளால 5 மிமீ தடிப்பில ஒரு வில்லை அரிஞ்செடுங்கோ. வெட்டுமுகத்தை மெல்லிய அரத்தாளில ஒருக்கா இழுத்தா தும்பு போயிடும். அந்த வில்லையில இருக்கிறதுதான் பிட்டின்ர உண்மையான உருவம்.

வில்லையையும் பக்கத்தில ஒரு இரும்பு அடிமட்டத்தையும் ஸ்கானரில கவிட்டு வைச்சு 600 டிபிஐயில எடுங்கோ. ஸ்கானர் இல்லாட்டி ஏதாவது கொமினிகேசன் கடையில குடுத்தா எடுத்துத் தருவினம், படமாச் சேவ் பண்ணச் சொல்லுங்கோ. 600 டிபிஐ எண்டால் ஒரு புள்ளி 0.042 மிமீ, மரவேலைக்குத் தாராளம். வாய்க்காலின்ர இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கோ எண்டு வடிவாப் பாருங்கோ. சுத்துற சாமான் வெட்டினா ரெண்டு பக்கமும் ஒண்டாத்தான் இருக்க வேணும், வித்தியாசம் தெரிஞ்சா வாள் வளைஞ்சு ஓடியிருக்கு இல்லாட்டி பிட்டைச் சுத்துற ஸ்பின்டில் சரிவா நிக்குது, பிட்டைக் குற்றம் சொல்லக் கூடாது.

பிறகு கீறுறது. படத்தை வீகார்வ், அஸ்பயர் மாதிரி சீஎன்சி சொஃப்ட்வெயர் ஒண்டில எடுத்து அடிமட்டத்தை வைச்சு உண்மை அளவுக்குக் கொண்டு வாங்கோ. வாய்க்காலின்ர நடுவில ஒரு நிலைக்குத்துக் கோடு, அதுதான் அச்சு. அதுக்கு வலப்பக்கத்துப் பாதியை மட்டும் கீறுங்கோ, அடி நுனியில தொடங்கி மேல காம்பு வரைக்கும், திறந்த கோடா, திரும்பி வந்து மூடாமல். நேர்கோடும் வில்லுமாக் கையால கீறுங்கோ. சொஃப்ட்வெயர் தானாக் கீறுற ஓட்டோ ட்ரேஸ் வேண்டாம், அது தும்பையும் தூசியையும் சேர்த்து நூறு புள்ளி வைச்சிடும். துண்டுகளை ஒண்டாச் சேர்த்த பிறகு அந்தக் கோட்டைத் தெரிவு செய்து, பிட்டுகளின்ர பட்டியலான ரூல் (tool) டேற்றாபேஸைத் திறந்து, புது ரூல், வகை ஃபோர்ம் ரூல். உருவம் அங்க தெரியும். ஃபியூஷனில ரூல் லைப்ரரிக்குள்ள ஃபோர்ம் மில் எண்டு இருக்கு. காசு குடுக்க ஏலாதெண்டால் ஃபிரீகாட் நல்லம், 2024இல வந்த 1.0இல பாத் எண்டிருந்த சீஎன்சிப் பகுதி காம் எண்டு பேர் மாறிட்டுது. அதில பிட்டின்ர உருவமே ஒரு சாதாரண ஃபிரீகாட் ஃபைல்தான், பாதி ஸ்கெட்சை அச்சைச் சுத்திச் சுழட்டிச் செய்தது, ஏற்கெனவே இருக்கிற ஒண்டைக் கொப்பி பண்ணி மாத்திறது சுகம்.

பெயறிங் உள்ள பிட் எண்டால் வாய்க்கால் வெட்ட ஏலாது, பலகை விளிம்பில ஓட விட்டு வில்லை எடுங்கோ, பெயறிங் உரசின முகம் அச்சில இருந்து பெயறிங்கின்ர ஆரையில இருக்கும். கீறேக்க பெயறிங்கையும் அடியில இருக்கிற ஆணியையும் சேர்த்துக் கீற வேணும். பிட்டை மேசையில தொட்டு இசட் பூச்சியம் (உயரம் அளக்கத் தொடங்கிற இடம்) எடுக்கேக்க தொடுறது அந்த ஆணிதானே. கீறினது அலகின்ர அடியில தொடங்கினா, ஆணியும் பெயறிங்கும் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு வெட்டு மேல ஏறிப் போகும்.

அடுத்த சிக்கல் விளிம்பில இருந்து எவ்வளவு விலத்தி ஓடுறது எண்டது. விட்டம் 38 மிமீ, பெயறிங் 12.7 மிமீ எண்டு வையுங்கோ. சொஃப்ட்வெயர் பெரிய ஆரையை எடுத்து 19 மிமீ விலத்தினா பிட் மரத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு போகும். விலத்த வேண்டியது 6.35 தான். இதைச் சொஃப்ட்வெயரிட்ட விடாமல் நீங்களே 6.35இல ஒரு கோடு கீறி, கோட்டுக்கு மேலயே ஓடச் சொல்லுங்கோ, குழப்பம் வராது.

குமுத வளைவுக்கான பிட்டில இன்னுமொரு விசயம் இருக்கு. அது நடுவில ஒடுங்கி அடியில திரும்ப அகலும். நேர மேல இருந்து இறக்கினா அடி அகலம் வளைவைத் தின்டிடும். மரத்துக்கு வெளியில இறக்கிப் பக்கவாட்டா உள்ளுக்குப் போய், அதே மாதிரி வெளிய வந்த பிறகுதான் மேல தூக்க வேணும். வீகார்வின்ர முப்பரிமாணக் காட்சி மேல இருந்து பார்க்கிற உயரத்தை மட்டும்தான் காட்டும், உள்வெட்டைக் காட்டாது, அதை நம்பி இறங்காதேங்கோ.

வேகத்தில விளையாட வேண்டாம். 38 மிமீ பிட் நிமிசத்துக்கு 24000 சுத்து சுத்தினா விளிம்பு வினாடிக்கு 48 மீற்றர் கிட்ட ஓடும், 12000இல அது பாதி. கையால தீட்டின பிட் ரெண்டு அலகும் ஒரே நிறையில இருக்காது, அதால அதிர்வு கேட்டா உடன நிப்பாட்டுங்கோ. 12.7 மிமீ காம்புக்கு ஈஆர்20 கொலெட் (காம்பைப் பிடிக்கிற கவ்வி) வேணும், ஈஆர்11 7 மிமீக்கு மேல பிடிக்காது. ரெண்டு அலகு, 12000 சுத்து, பல்லுக்கு 0.08 மிமீ எண்டால் நிமிசத்துக்கு 1920 மிமீ வரும், தேக்கில அதிலும் குறைச்சுத் தொடங்குங்கோ. முதல்ல எண்ட் மில்லால பெரும்பாகத்தை எடுத்துப்போட்டு இந்தப் பிட்டுக்குக் கடைசிச் சீவலை மட்டும் விட்டா கருகலும் வராது, முனையும் நிக்கும்.

தேக்கில போட முதல் கழிவுத் துண்டில ஓட்டி, அதிலும் ஒரு வில்லை அரிஞ்சு, கீறினதை ஒண்டுக்கு ஒண்டு பிரிண்ட் எடுத்து மேல வைச்சுப் பாருங்கோ. பிட்டைத் திரும்பத் தீட்டினா விட்டமும் வளைவும் மாறும், அப்ப புது வில்லை எடுத்துப் புதுசாக் கீறி, பழசை அழிக்காமல் திகதியோட வேற பேரில சேவ் பண்ணுங்கோ.