சீனக்குடா ஆலைகளை அக்ரிலிக்கில் வரைதல்: சூரியன் ஒளிர்வதற்கு ஒரு வழி

மாலையில் திருகோணமலையின் உவர்மலைப் பக்கமிருந்து உட்துறைமுகத்துக்கு அப்பால் பாருங்கள். வெயில் சாயச்சாய சீனக்குடாவின் மா ஆலையும் சீமெந்து ஆலையும் விவரம் மங்கி ஒரே சாம்பல் நிழலாகிவிடும். அந்த நிழலைத்தான் வரையப்போகிறோம்.

முதலில் கான்வஸ் முழுவதும் பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வர்ணத்தை நீராகக் கரைத்துப் பூசிக் காயவிடுங்கள். அல்ட்ராமரின் நீலம், பேர்ன்ட் சியன்னா, வெள்ளை மூன்றையும் கலந்தால் சாம்பல் வரும். அதனால் வானத்தைப் பூசுங்கள். கறுப்பு வர்ணத்தைத் தொடவே வேண்டாம். அது புகார்மூட்டத்தைக் கொன்றுவிடும். முக்கால் அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்றே போதும். வானம் ஈரமாக இருக்கும்போதே சற்று அடர்ந்த சாம்பலில் ஆலைகளை வைத்துவிடுங்கள், விளிம்புகள் தாமாகக் கரையும். நமது வெக்கையில் அக்ரிலிக் சட்டென்று இறுகும் என்பதால் பக்கத்தில் நீர் தெளிக்கும் போத்தல் இருக்கட்டும்.

இனிச் சூரியன். மூன்று படங்களை நான் பாழாக்கியது இங்கேதான். ஒளிர வேண்டுமென்று மஞ்சளில் வெள்ளையை அள்ளிக் கலந்தேன். சுவரில் ஒட்டிய பொட்டுப் போல வெளிறி நின்றது. விடை பிரெஞ்சு ஓவியர் மொனேயிடம் கிடைத்தது. பிரான்சின் லு ஹாவ்ர் துறைமுகத்தை அவர் 1872இல் வரைந்த படத்திலும் பின்னால் பாரந்தூக்கிகளும் புகைபோக்கிகளும்தான். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் செம்மஞ்சள் சூரியன் ஏறக்குறைய மறைந்துபோகிறது! அதன் வெளிச்ச அளவு சுற்றியுள்ள வானத்தினுடையதே. நிறம் மட்டும்தான் வேறு. அதனால்தான் அது துடிப்பதுபோலத் தெரிகிறது.

ஆகவே ஒரு தாளில் உங்கள் வானச் சாம்பலைப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் செம்மஞ்சளால் ஒரு புள்ளி வையுங்கள். அதுவும் காய்ந்த பிறகு கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். புள்ளி மறைந்தால் கலவை சரி. வெளிறித் தெரிந்தால் துளி சிவப்பு, இருண்டால் துளி மஞ்சள். ஈரத்தில் முடிவு செய்யாதீர்கள், அக்ரிலிக் காயும்போது சற்று இருளும்.

நீரில் விழும் ஒளிக்கு அதே கலவையில் நான்கைந்து குறுக்குக் கீற்றுகள் போதும்.

பிற்சேர்க்கை: செம்மஞ்சள் சேறாகிவிடுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஈர நீலச் சாம்பலோடு கலந்தால் அப்படித்தான் ஆகும். வானம் நன்றாகக் காய்ந்த பின் வையுங்கள். அப்போதும் அடிச்சாம்பல் தெரிந்தால் உங்கள் செம்மஞ்சள் ஒளி ஊடுருவும் வகை. முதல் பூச்சுக் காய்ந்ததும் அதன்மேலேயே இன்னொன்று பூசுங்கள்.